நாள் தள்ளிப்போடும் மாத்திரை

அடுப்பு பற்ற மாட்டேன் என்று அடம் பிடித்தது. மூன்று கல்லைக் கூட்டி, பச்சை வாடாத தென்னை மட்டையை அடியில் செருகி, மேலே பொங்கல் பானையை ஏற்றி வைத்தது மாமியார் பழனாத்தாள். ஊத வேண்டியது மட்டும் மேனகா. பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பந்தல் நிழலுக்குப் போய் நின்றபடி, "நல்லா ஊது கண்ணு, நெஞ்சைக் குடுத்து ஊது" என்றாள் பழனாத்தாள். "சரிங்கத்தே" என்று மேனகா நெஞ்சைக் கொடுத்து ஊதினாள். வேறு எதையெல்லாமோ கொடுத்தாயிற்று, நெஞ்சுக்கு என்ன வந்தது. புகை திரும்பி அவள் முகத்திலேயே அடித்தது. மாரியம்மன் கோயில் வாசலில் ஊர்ப் பெண்கள் மொத்தமும் மஞ்சள் சேலை கட்டி, குத்தவைத்து, ஆளுக்கொரு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து பார்க்கிறவனுக்குச் சந்தையில் பூசணிக்காய் அடுக்கின மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். நினைப்பதோடு சரி. நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் இந்த ஊரில் ஒரு நாள் குடித்தனம் பண்ண முடியாது. பள்ளிக்கூடம் போன கொஞ்ச வருஷமும் வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நின்று கால் விரலைப் பார்த்தவள் அவள். பெண் பார்க்க வந்தவர்கள் அதைத்தான் அமைதியான புள்ளை என்று மெச்சினார்கள். உள்ளே இராப்பகலாக ஓடுகிற தறிச்சத்தம் அவர்களுக்குக் கேட்டிருந்தால் காப்பித்தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து போயிருப்பார்கள். இதோ இந்த வரிசையில் பாதிப்பேர் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பவர்கள். பச்சை மரத்தை வெட்டி வந்து கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், அதைப் பிடுங்கி ஆற்றில் விடுகிறவரை எந்தப் பெண்ணும் தூரமாகக் கூடாது. ஆகிவிட்டால் தெருவில் கால் வைக்கக் கூடாது, பொங்கல் வைக்கக் கூடாது, அந்த வீட்டுக்கே அந்த வருஷம் பொங்கல் இல்லை. அதற்காக நாள் தள்ளிப்போட மாத்திரை. எந்த வீட்டுப் பெண்ணுக்கு எப்போது என்று அம்மனுக்குத் தெரியுமோ இல்லையோ மெடிக்கல்காரனுக்குத் தெரியும். கம்பத்துக்கு மரம் பார்க்கப் போகும்போதே அவன் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்துவிடுவான். பக்தி. வருகிறவளெல்லாம் தள்ளிப்போடட்டும். மேனகாவுக்கு வந்தால் அல்லவா தள்ளிப்போட.

வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து அந்த ரத்தம் நின்றதோடு சரி, அதற்கப்புறம் வரவே இல்லை. அதை யாரிடம் சொல்ல. புருஷன் பூபதியிடம் சொன்னால், "வரும், வரும்" என்பான், பஸ்ஸுக்கு நிற்கிறவனிடம் சொல்கிற மாதிரி. அவனுக்கு எல்லாமே அப்படித்தான். பிள்ளை தவழ ஆரம்பித்து, பால்கூட மறக்காத நேரத்தில் மறுபடி தங்கிவிட்டது என்று அவள் சொன்ன அன்றைக்கு, சட்டையில் ஒட்டின பஞ்சைப் பிய்த்துக்கொண்டே, "இப்ப வேண்டாம் மேனகா, இவளே இன்னும் நடக்கல" என்றான். வேண்டாம் என்று அவள் அதற்கு முந்தியே முடிவு பண்ணிவிட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே குழி விழுந்து, எழுந்தால் தலை சுற்றி, தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்து, இன்னொன்றை இந்த உடம்பு சுமக்காது என்று அவளுக்குத் தெரிந்ததுபோல் அவனுக்கா தெரியும். ஆனாலும் முடிவு தன்னுடையது என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைக்கட்டும். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத" என்றான் அடுத்ததாக. அதுதான் அவன் பண்ணின பெரிய ஏற்பாடு. பிள்ளைக்கு ஊசி போடப் போகிறோம் என்று சொல்லிவிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்ஸம்மா மாத்திரை கொடுத்து, எப்படிப் போடுவது என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தாள். "ஒரு மாசம், ஒண்ணரை மாசத்துல மறுபடி வந்துரும். அதுக்கு மேலயும் வரலீன்னா வந்து காட்டோணும். கலைஞ்ச உடம்பு கொஞ்ச நாளைக்குக் குழம்பித்தான் கெடக்கும், உள்ள சுரக்கறதெல்லாம் பழையபடி ஆகோணுமல்ல. திடீர்னு அழுகை வரும், கோவம் வரும், பயந்துக்காத. ஆனா ஒண்ணு, மாசம் வர்றதுக்கு முந்தியே மறுபடியும் தங்கிரும். உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடு, நான் சொல்றேன்." வீட்டுக்காரர் வெளியே டீக்கடையில் போண்டா தின்றுகொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளே, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மென்று முழுங்கிச் சொன்னாள். "சரி சரி, பஸ்ஸுல வெச்சு எதுக்கு இதெல்லாம்" என்றான். வீட்டில் வைத்துக் கேட்டானா என்றால் அதுவும் இல்லை. கொஞ்ச நாள் தள்ளிப் படுத்தான். அப்புறம் ஒரு நாள் தள்ளிப் படுக்கவில்லை. வேண்டாங்க என்றாள், அவள் வேண்டாங்க என்பது அவளுக்கே கேட்காது, அவனுக்கு எங்கே கேட்கும். அந்த ஒரு நாள்தான் இப்போது நெஞ்சுக்குழியில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

"ஏன் கண்ணு, அரிசியக் களைஞ்சு போட்டியா?" என்று பந்தலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "போட்டனுங்கத்தே." "பருப்பு?" "போட்டனுங்க." தண்ணீரே இன்னும் சுடவில்லை. போட்டதாகச் சொல்லிவிட்டு அப்புறம் போட்டால் போகிறது. பொய் சொல்வது இத்தனை சுலபம் என்று கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த ஆஸ்பத்திரி ரத்தத்தையே தூரம் என்றுதான் ஓட்டினாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். போய் உட்கார்ந்துகொண்டாள். அது வழக்கமான ரத்தமா, கட்டி கட்டியாக உயிரைப் பிடுங்கிக்கொண்டு போனதா என்று யார் பார்த்தார்கள். தகரம் கொதித்தது, அவள் துண்டைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். மாமியார் எட்டத்தில் நின்று சோற்றை மேலிருந்து தட்டில் போட்டாள். நாள் நீண்டுகொண்டே போனதும்தான், "என்னடி இது இந்தப் போக்குப் போவுது, வெந்தயத்தை மோருல போட்டுக் குடி" என்று அதே எட்டத்திலிருந்து வைத்தியம் சொன்னாள். அதிலிருந்து பிடித்தது கிரகம். அதுவரை பால் குடிக்கிற பிள்ளைக்காரிக்கு முன்னே பின்னே ஆகும் என்று விட்டிருந்தவள், மருமகள் எப்போது உட்காருகிறாள், எப்போது தலைக்குத் தண்ணி ஊற்றுகிறாள் என்று மனதில் கணக்கு வைக்க ஆரம்பித்தாள். உட்காராமல் இருந்தால் முழுகாமல் இருக்கிறாள் என்று தெருவுக்கே வெல்லம் கொடுத்துவிடுவாள். அப்புறம் சோதனை, டாக்டர், எப்பேர்ப்பட்ட கேள்வி, எப்பேர்ப்பட்ட பதில். அதனால் மேனகா உட்கார்ந்தாள். மாசம் திரும்பினதும், வராத ரத்தத்துக்காகப் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்த் தகரத்துக்கடியில் உட்கார்ந்தாள். சுத்தமான துணியைத் துவைத்துக் கொட்டகை மூலையில் கட்டின கயிற்றில் உலர்த்தினாள். யார் வந்து பார்க்கப் போகிறார்கள். பார்த்தாலே தீட்டு. கண்ணை மூடிக்கொள்வதையே கட்டுப்பாடு என்று வைத்திருக்கிறவர்களை ஏமாற்றுவதற்குத் திறமைகூட வேண்டியதில்லை, உட்காரத் தெரிந்தால் போதும். மோவாயில் பரு பரு என்று வெடித்திருந்தது, நடு வெயிலில் குளிர் எடுக்கும், குளிர்ந்த தண்ணியைக் கையில் எடுத்தால் உள்ளுக்குள் காந்தும், காக்கா வந்து தட்டைக் கவிழ்த்தால்கூட அழுகை பொத்துக்கொண்டு வரும். அழுதுவிட்டு, எதற்கு அழுதோம் என்று தன் மேலேயே வெறுப்பு வரும். தன் உடம்பு மாதிரி ஒரு கேவலமான வேலைக்காரியை அவள் பார்த்ததில்லை. கூப்பிட்டால் வராது, வராதே என்றால் வரும், கேட்காததையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும்.

மட்டை ஒரு வழியாகப் பற்றிக்கொண்டது. பக்கத்து அடுப்புச் செல்வநாயகி, எதிர்வீட்டுக்காரி, அகப்பையால் முதுகைச் சொறிந்துகொண்டு, "என்ற மருமகளுக்கு மாத்திரை ஒத்துக்கலீங்கக்கா, ஒரே வாந்தி" என்று பழனாத்தாளிடம் சொன்னாள். "இவளுக்கும் அப்பிடித்தான். அப்பறம் சரியாப் போச்சு. நான் நின்னு முழுங்க வெச்சனல்ல" என்றாள் பழனாத்தாள் பெருமையாக. நின்றுதான் முழுங்க வைத்தாள். பொய்யாக உட்கார்ந்த நாளை வைத்துக் கணக்குப் போட்டு, அடுத்தது சரியாகப் பொங்கலன்றைக்கு வந்து விழும் என்று கண்டுபிடித்து, மெடிக்கலுக்குத் தானே நடந்து போய் மாத்திரை வாங்கி வந்தாள். இல்லாத மழைக்குக் குடை. "நடுவுல ஒரு வேளைகூட விடக்கூடாதாமா, விட்டா ரெண்டு மூணு நாள்ல வந்துருமாமா" என்று மெடிக்கல்காரன் சொன்னதை அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். காலையும் சாயங்காலமும் டம்ளரோடு எதிரில் நின்றாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. உள்ளே ஏதாவது இருந்து, அதன் மேல் இதுவும் போய் விழுந்தால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்பது. டவுனுக்குப் போய்க் காட்டிவிடலாம் என்று, "பிள்ளைக்கு இருமலுங்கத்தே" என ஒரு நாள் ஆரம்பித்துப் பார்த்தாள். "கம்பம் நட்ட ஊருல இருந்து எல்லை தாண்டுவாங்களா, ஆத்தா பாத்துக்குவா" என்று முடித்துவிட்டாள் பழனாத்தாள். ஆத்தா பார்த்துக்கொள்வாள், மாத்திரை மட்டும் மெடிக்கலில் வாங்க வேண்டும். முழுங்க முழுங்க வயிற்றைப் பிரட்டியது. இது மாத்திரையா மசக்கையா. முதல் பிள்ளைக்கும் இப்படித்தான் பிரட்டியது, இரண்டாவதுக்கும் இப்படித்தான். வெங்காயம் வதக்குகிற வாசனைக்கு வாசலுக்கு ஓடினாள். பிரட்டலைத் தராசில் வைத்த மாதிரி ராத்திரியெல்லாம் இப்படியும் அப்படியும் நிறுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒன்று தோன்றியது: மாத்திரையை விட்டுப் பார்த்தால் தெரிந்துபோகும். நின்றால் மாத்திரை, நிற்காவிட்டால் மற்றது. அன்றிலிருந்து வாயில் வாங்கி, நாக்குக்கடியில் அடக்கி, தண்ணி குடித்த மாதிரி குடித்து, சாக்கடைப் பக்கம் போய்த் துப்பினாள். பிரட்டல் நின்றுவிட்டது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. மசக்கையும் ஒரு நாள் சும்மா நிற்கும். எத்தனையோ பேரை நம்பி ஆயிற்று, இந்த வயிற்றையுமா நம்ப வேண்டும். இருந்துவிட்டால் மறுபடி அந்த ஆஸ்பத்திரிப் படி ஏற அவளால் முடியாது. ஏறாமல் பெற்று வளர்க்கவும் முடியாது. இரண்டும் முடியாது என்கிறவளுக்கு மூன்றாவது வழி எதையும் இந்த ஊரில் யாரும் வெட்டி வைக்கவில்லை.

காலையிலிருந்தே அடி வயிறு இழுத்துக்கொண்டிருந்தது. விரதப் பசி என்றாள், குத்தவைத்து உட்கார்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றாள், எல்லாக் காரணமும் தனக்குத்தானே சொல்லியாயிற்று. இப்போது பானையை அசைத்து வைக்க எழுந்தபோது உள்ளே ஏதோ வெதுவெதுப்பாக நழுவின மாதிரி இருந்தது. வேர்வை என்றாள் உடனே. தொடையிடுக்கில் வேர்க்காதா, இந்த வெயிலுக்கு. இத்தனை நாள் எத்தனை முறை இந்த மாதிரி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறாள். பாவாடையை விரித்து, வெள்ளைத் துணியைப் பார்த்து, அதுவும் அவளைப் பார்த்து, இரண்டு பேரும் திரும்பி வந்த கதை. எனக்குத் தெரியும் உன் சாமர்த்தியம் என்று வயிற்றைத் திட்டிக்கொண்டே, "அத்தே, சித்தெ ஒதுங்கிட்டு வந்தர்றனுங்க" என்றாள். "பொங்குற நேரத்துல போறா பாரு. கால் கழுவிட்டு வா" என்று பழனாத்தாள் பேத்தியை இறக்கிவிட்டு அடுப்புக்கு வந்தாள்.

கோயிலுக்குப் பின்னால் வேலிமுள் காடு. ஒரு பன்றி எழுந்து போனது. மேனகா சேலையைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு. கறுப்பாக, பழசாக, ஏமாற்றுகிற கறை இல்லை, பளிச்சென்று சிவப்பு. விரலால் தொட்டுப் பார்த்தாள், விரலிலும் வந்தது. அப்படியே நின்றாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். அழுகை வரும், ஆத்தா என்று கும்பிடத் தோன்றும் என்றெல்லாம் நினைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. சிரிப்புதான் வந்தது, அதுவும் மூக்கு வழியாக. இவ்வளவுதானா. இதற்குத்தானா இத்தனை நாள் சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல், பிள்ளை பால் குடிக்கையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வராமல் தடுக்க என்று ஒருத்தி வாங்கி, எதிரில் நின்று முழுங்க வைத்து, அதை இவள் துப்பி, அதனால் வந்திருக்கிறது. அத்தைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். பிள்ளைக்கென்று இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். மஞ்சள் சேலை, பட்டால் பொட்டு வைத்த மாதிரி தெரியும். இப்போது போய், "அத்தே, தூரமாயிட்டனுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால் பானையை அப்படியே கவிழ்த்துவிட வேண்டும், வரிசையே எழுந்து தள்ளி உட்காரும், செல்வநாயகிக்கு ஒரு வருஷத்துக்குப் பேச்சு கிடைக்கும், மாமியார் தலையில் அடித்துக்கொண்டு கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பாள், எங்கே தப்பியது என்று. நினைக்கவே நன்றாகத்தான் இருந்தது. இத்தனை காலத்தில் அவள் வாயிலிருந்து வரக்கூடிய ஒரே நிஜம், ஒரு வார்த்தை, ஊரையே எழுந்து நிற்க வைக்கும். அதைச் சொல்லப் போவதில்லை. பொய் சொன்ன நாளெல்லாம் தகரத்துக்கடியில் போய் உட்கார்ந்தாள். நிஜமாக வந்த நாளில் கோயிலுக்குள் போகப் போகிறாள். எந்த வித்தியாசமும் இல்லை. பொய்யாகத் தீட்டானபோது உலகம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது வேலிமுள், அப்படியேதான் இருந்தது வெயில். குழாயில் கால் கழுவிக்கொண்டு நடந்தாள்.

அவள் வரவும் பானை நுரைத்து மேலே வரவும் சரியாக இருந்தது. "கிழக்கால பொங்குது பாரு, கிழக்கால" என்று பழனாத்தாள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அடுப்பு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, வேறு எந்தப் பக்கம் பொங்கும். "சுத்தமா இருந்து வெச்சா அப்பிடித்தான். இந்தா, மாவிளக்க எடு. நீதான் உள்ள கொண்டுபோகோணும்." மேனகா தட்டை வாங்கினாள். வெல்லமும் பச்சரிசி மாவும் பிசைந்து குழித்த குழியில் நெய், அதில் திரி. விளக்கு அணைந்துவிடுமா என்று பார்த்தாள், பாவம், அதற்கு என்ன தெரியும், எரிந்தது. கூட்டத்தில் இடிபட்டு, வேர்வை நாற்றத்திலும் வேப்பிலை வாசனையிலும் மிதந்து உள்ளே போனாள். இந்தக் கூட்டத்தில் தான் ஒருத்திதானா என்று முதல் முறையாக ஒரு சந்தேகம் வந்தது. மாத்திரை கைவிட்டவள் எத்தனை பேர், பானையைக் கவிழ்க்கப் பயந்து வாயை மூடிக்கொண்டவள் எத்தனை பேர். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா முகமும் பக்தியாகத்தான் இருந்தது, தன் முகமும் அப்படித்தான் இருக்கும். பூசாரி தட்டை வாங்கிக் காட்டிவிட்டுத் திருநீறு கொடுத்தார். பின்னாலிருந்து பழனாத்தாள், "அடுத்த கம்பத்துக்குள்ள ஒரு பையனைக் குடுன்னு நல்லாக் கேட்டுக்கோ கண்ணு" என்று காதில் சொன்னாள். மேனகா கண்ணை மூடினாள். அடுத்த மாசமும் இதேபோல் தானாக வந்துவிட வேண்டும், அதற்கப்புறம் எல்லை தாண்டிப் போய் அந்த நர்ஸம்மாவிடம் தங்காமல் இருக்க வழி கேட்டுக்கொள்கிறேன், உனக்குத் தொந்தரவு இல்லை என்று அம்மனிடம் சொன்னாள். மருமகள் இத்தனை நேரம் கும்பிடுவதைப் பார்த்து மாமியாருக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளியே வந்தபோது பூபதி கம்பத்தைச் சுற்றி ஆடிவிட்டு, மேலே ஊற்றின மஞ்சள் தண்ணி சொட்டச் சொட்ட வந்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்தான். அம்மா தள்ளிப்போகிற வரைக்கும் பொங்கலைப் பார்க்கிற மாதிரி நின்றுவிட்டு, அவள் பக்கம் குனிந்தான். இத்தனை நாளில் அவனாக ஒரு முறை கேட்டதில்லை. "அம்மா என்னமோ நீ வாந்தி எடுத்தியின்னு பேசிட்டு இருந்துச்சு" என்றான். குரலில் அவளுக்காக இருந்த கவலை எத்தனை, தனக்காக இருந்த பயம் எத்தனை என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. "மேனகா, அது... வந்துருச்சா?"

அவன் மீசையிலிருந்து மஞ்சள் தண்ணி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அவனை நேராகப் பார்த்தாள். கல்யாணத்தன்றைக்குக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"இல்லீங்க" என்றாள்.

அவன் முகம் சுண்டியது. பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். தள்ளிப் படுப்பான், இனிக் கொஞ்ச நாளைக்கு. வேண்டாம் என்றால் கேட்கும். மேனகா பானைக்குக் குனிந்து, வாழையிலையை விரித்து, முதல் கரண்டியை அவனுக்கு வைத்தாள்.

"சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றாள்.